நகராத விரல்கள்

அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பரஞ்சோதிக்கு, முன்னறையில் யாரோ அவன் கிட்டாரை மீட்டுவது கேட்டது. தட்டுத்தடுமாறி ஐந்து சுரங்கள். மோகனம். கொஞ்சம் நின்று, அதே ஐந்தும் சுருதி ஏறி ஒலித்தன. கத்தி கையிலிருந்து நழுவியது.

எட்டிப்பார்த்தான். குணவதி. இரண்டு மாதத்துக்கு முன் ஜப்பான்காரன் சியாம் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போன சீனிவாசகத்தின் மனைவி.

"அவரு சொல்லிக்கொடுத்தது அண்ணே. சரியா இருக்கா?"

"இருக்கும்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பரஞ்சோதி அந்த ரப்பர் தோட்டத்தில் மரப்பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி. அலோர் ஸ்டாரில் ஒரு நாடகக் குழுவோடு சுற்றிய காலத்தில் கிட்டார் பழகியவன். தெரிந்த வித்தை ஒன்றுதான்: மோகனத்தின் ஐந்து சுரங்களுக்கு ஒரு விரல் அமைப்பு. கிட்டார் கழுத்தில் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் ஒரு சுருதி. அப்படியே ஐந்தாம் கட்டத்துக்கு நகர்த்தினால் மேல் சுருதி. அதை வைத்தே கல்யாண வீடுகளில் ஒரு மணி நேரம் தனியாக வாசித்துத் தள்ளுவான். "இருக்கறது ஒரு சட்டை, அதுலயே தெனம் மாப்பிள்ளை வேஷம் போடுறான்" என்று உயிர்நண்பன் சீனிவாசகம் கேலி செய்வான்.

தோட்டத்துக்கு வந்த ஜப்பான் அதிகாரிக்கும் அந்த ஐந்து சுரம் பிடித்துப்போயிற்று. தன் ஊர்ப் பாட்டைப்போல இருக்கிறதாம். கொட்டகையில் கச்சேரி வை, வராத வீட்டுக்கு அரிசி கிடையாது என்றான். பக்கத்துத் தோட்டத்தில் இலவசப் படம் காட்டித்தான் ஆள் பிடித்திருந்தார்கள். அதனால் சீனிவாசகம் ஓர் ஏற்பாடு செய்தான். மேடையிலிருந்து பார்த்தால் சாலை தெரியும். ஆள் பிடிக்கும் லாரி வந்தால் பரஞ்சோதி சுருதியை ஏற்ற வேண்டும். உடனே ஆண்கள் பின்பக்கமாக ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிட வேண்டும்.

குணவதி கிட்டாரைக் கீழே வைத்தாள்.

"கச்சேரி அன்னிக்கு நான் லயத்து வீட்டுலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கடைசிவரைக்கும் சுருதி ஏறல. லோரி வந்தது உங்களுக்குத் தெரியலதானே? ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கலா, அண்ணே."

தப்பிக்கும் வழியை அவளே திறந்து வைத்துவிட்டாள். அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையை அவனால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சுச்சு தங்கச்சி" என்றான். "மூணு லோரி. அதிகாரி பக்கத்துல நின்னு என் விரலையே பாத்துக்கிட்டிருந்தான். ஆள் பிடிக்கிற லிஸ்ட்டுலேருந்து என் பேரை எடுத்துட்டதா காலையிலேயே சொல்லியிருந்தான். விரல் நகரல. பயத்துல… அன்னிக்கு மாதிரி நான் என்னைக்குமே நல்லா வாசிச்சதில்ல."

அவள் அழவில்லை.

"கொட்டகையில அவரு பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு சொன்னாரு. எந்திரிச்சவங்களைக்கூட என் வீட்டுக்காரருதான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாராம். பரஞ்சோதி அதே சுருதியிலதான் வாசிக்கிறான், பயமில்லன்னு."

பரஞ்சோதி முகத்தை மூடிக்கொண்டான். காறித் துப்பினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகி எழுந்தாள்.

எப்போதும் சொல்லும் 'வர்றேன்' இல்லை. "போறேன்" என்றாள். வெளியே போய், கதவைத் தானே சாத்தினாள்.