ராகிக் குழியில் இருந்த பர்கண்டி

குணசேகரன் இறந்த செய்தி வந்தபோது நான் தொப்பூர்க் கணவாயில் நின்றுபோன பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. அழைத்தவர் அவனுடைய அண்ணன் பெரியசாமி. "சார், தம்பி போயிட்டானுங்க" என்றார். காலையில் பல் துலக்கப் போனவன் தண்ணீர்த் தொட்டிமேல் அப்படியே சாய்ந்துவிட்டானாம். காரிமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டதாம். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவரும் அதே பெரியசாமிதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்குள் வழக்கமான பேச்சு. "சிங்கப்பூர்ல ஒயின்ஷாப்புல வேலை பாத்தவரு, குடல் வெந்திருக்கும்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சில் பகலிலேயே பிராந்தி. குணா சிங்கப்பூரில் பார்த்த வேலை என்ன என்று இந்த ஊர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனால் இப்போதாவது சொல்லிவிடுகிறேன். உலகப் பணக்காரர்கள் வாங்கிச் சேர்க்கும் பழைய ஒயின்களைப் படுக்கவைத்திருக்கும் ஒரு கிடங்கில், ஒவ்வொரு பாட்டிலும் உண்மையானதா, உள்ளே இருப்பது நலமாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. அங்கிருந்த சில பாட்டில்களில் ஒன்றை விற்றால் காரிமங்கலம் பக்கத்தில் கிணற்றோடு நிலம் வாங்கலாம். ஏலத்தில் கை மாறும்போதுகூட அவை கிடங்கை விட்டு நகர்வதில்லை, உடையவர் பெயர் மட்டும் மாறும். "குடிக்கிறவன் கையில இருந்து விலை பாக்குறவன் கைக்குப் போயிட்டா, ஒயின் அநாதைடா" என்பான்.

எங்கள் பழக்கம் தர்மபுரியில் வேதியியல் படித்த நாளில் தொடங்கியது. உப்புப் பகுப்பாய்வுத் தேர்வில் எல்லோரும் சோதனைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவன் உப்பு வைத்திருந்த கண்ணாடித் தட்டை மூக்கருகே ஒருமுறை ஆட்டிவிட்டு விடையை எழுதிவிட்டான். மேற்பார்வையாளர் பிடித்துக்கொண்டார். "செய்முறை எங்கடா?" "மோந்து பாத்தேங்க சார்." "நாயாடா நீ?" வகுப்பே சிரித்தது. விடை சரியாக இருந்தும் மதிப்பெண் போடவில்லை. அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. குணாவோ சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் அவரைப் போய்ப் பார்த்து, சாக்லேட் கொடுத்துவிட்டு வருவான். "அவரு சொன்னது சரிதானேடா, அந்த மூக்குதானே சோறு போடுது" என்பான்.

நான் மேற்படிப்பு படித்து, ஆய்வுப் பட்டமும் வாங்கி, ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து, என்னைவிட இளையவர்கள் நிர்வாகியின் உறவினர் என்பதற்காகத் துறைத்தலைவர் ஆவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஓட்டல் வேலைக்குப் போய், பெங்களூர் வழியாகக் கடல் கடந்தான். விடுமுறையில் வந்தால் என் புலம்பல் முழுவதையும் கேட்பான். ஆறுதல் சொல்ல மாட்டான். "உங்கிட்ட ஒரு நல்லது இருக்குடா. உனக்கு யாரையும் சந்தோசப்படுத்தத் தெரியாது" என்றான் ஒரு முறை. அதைப் பாராட்டாகத்தான் சொன்னான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் மாவட்டத்துக் கிரானைட் முதலாளி ஒருவர் வெளிநாட்டு ஏலத்தில் வாங்கிய பாட்டிலை ஒரு முறை அவனிடம் காட்டினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்துப் போர்டோ என்ற பிரெஞ்சு ஒயின் என்று லேபிள் சொன்னது. கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருந்தார். குணா கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை அவர் கணக்கர் மேசையிலிருந்து வாங்கி, லேபிள்மேல் பிடித்தான். காகிதம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிரவைக்கும் வெளுப்பு மருந்து அந்தக் காலத்துக் காகிதத்தில் கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது, முதலாளிக்குப் புரியவில்லை. குணா சுற்றி நின்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "ஏமாத்திட்டாங்க, ஐயா. இது போலி" என்று அவரிடம் மட்டும் சொன்னான். திரும்பி வரும்போது கேட்டேன்: "ஒரிஜினல்னு சொல்லியிருந்தா விருந்தே வெச்சிருப்பாரே?" "நாளைக்கு அவரு இன்னொருத்தன் தலையில கட்டுவாரு. அப்ப என் பொய் ஊரெல்லாம் சுத்தும்" என்றான்.

உலகமெங்கும் வந்த அந்தக் காய்ச்சல் அவனுக்கும் வந்தது. உயிர் பிழைத்தான், மூக்கு பிழைக்கவில்லை. ஒரு வருடம் போல மறைத்து வேலை செய்தான். கண்ணாலும் கையாலும் சோதித்து, மற்றதை உதவியாளர்களிடம் கேட்டுச் சமாளித்தான். பிறகு அவனே போய்ச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். கிளம்பும்போது, அவன் பல காலம் பார்த்துக்கொண்ட பாட்டில்களுக்குச் சொந்தக்காரரான ஒரு சீனக் கிழவர், பிடித்த ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். இவன் கேட்டது பிரான்சின் பர்கண்டிச் சிவப்பு ஒயின். சேகரிப்பவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கும் ஒரு சிறிய தோட்டத்தினுடையது. "நாம காலேஜ் முடிச்ச வருசத்துது. அதனாலதான் இதைக் கேட்டு வாங்கினேன்" என்றான் என்னிடம்.

அதை வைக்க அவன் தேர்ந்தெடுத்த இடம் வீட்டு ராகிக் குழி. எங்கள் பக்கத்து ஊர்களில் பழைய வீடுகளின் வாசலுக்கடியில் கல் கட்டிய குழி இருக்கும். ராகியைக் கொட்டி மூடிவிட்டால் வருடக்கணக்கில் பூச்சி அண்டாது. வெயிலும் குளிரும் உள்ளே எட்டாது. "பிரான்சுல இதுக்காகப் பாறையைக் குடைஞ்சு வெச்சிருக்கான். எங்க முப்பாட்டன் எனக்கு இலவசமாக் குடைஞ்சு வெச்சிட்டாரு" என்று சிரித்தபடி, பாட்டிலைச் சாக்கில் சுற்றி ராகிக்குள் படுக்கவைத்தான். பிறகு மூக்குக்கு வைத்தியம் பார்க்க மறுபடியும் சிங்கப்பூர் போனான். சில மாதங்கள் கழித்து வந்தவன், "முடிஞ்சுது. இனி வராதாம்" என்றான். அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொன்னான்.

வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, மூன்று கண்ணாடிக் கோப்பைகள் வைத்திருந்தான். பெரியசாமியையும் கையைப் பிடித்து உட்காரவைத்தான். அவர் நெளிந்துகொண்டே இருந்தார். "எனக்கெதுக்குடா இதெல்லாம்?" "சும்மா உக்காருங்கண்ணா, நீங்க குடிக்க வேணாம்." பிறகு என்னிடம் திரும்பினான். "டேய், இன்னிக்கு நீதான் என் மூக்கு. நான் குடிச்சா புளிப்பும் துவர்ப்பும்தான் தெரியும். நீ மோந்து, ஒண்ணு விடாம தமிழ்ல சொல்லு. என்னைச் சந்தோசப்படுத்தறதுக்காக எதையும் சேக்காத. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

அவன் முகத்தைப் பார்த்தபோது அந்த மத்தியானத்தை அவன் எவ்வளவு நாளாக எதிர்பார்த்திருந்தான் என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுடைய பாட்டில்களைக் காத்தவனுக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். அதன் வாசனையை இனி அவன் அறிய வேண்டுமென்றால், இன்னொருவன் வாய்வழியாகத்தான் அறிய முடியும்.

பாட்டிலின் கழுத்தில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவினான். விரல் ஓரிடத்தில் நின்றது. ஒரு கணம் அண்ணனைப் பார்த்தான். பிறகு தக்கையை மூடியிருந்த தகட்டை உரித்து, தக்கையை எடுத்து, எனக்கு ஊற்றினான்.

முகர்ந்தேன். வெந்து குழைந்த நாவற்பழம். அடிபிடித்த வெல்லப்பாகு. அதற்குப் பின்னால் காடியின் நெடி.

"கெட்டுப்போச்சுடா" என்றேன்.

"தெரியும். எப்படிக் கெட்டிருக்குன்னு சொல்லு. மெதுவா."

சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டான். "அதுக்கு அடியில பாரு" என்றான். மறுபடி முகர்ந்தேன். நெடி அடங்கிய ஓர் ஓரத்தில் வேறு ஏதோ இருந்தது. பெருமழை விட்ட மறுநாள் வத்தல்மலை ஏறும்போது, மக்கிய சருகைக் காலால் புரட்டினால் வருமே, அந்த ஈரம். அதைச் சொன்னேன். அவன் கண் திறக்கவில்லை. இமையோரம் நனைந்திருந்தது. "அதான். அது இருந்திருக்கு" என்றான்.

பெரியசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா கெட்டுது?"

"பழசுங்கண்ணா. வயசாச்சு, அவ்வளவுதான்" என்றவன், தன் கோப்பையில் ஊற்றி முழுவதையும் குடித்தான்.

பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தான். அவன் வாயை நான்தான் கிளறினேன். அவ்வளவு நல்ல குழியில் படுத்திருந்த ஒயின் எப்படி வெந்துபோகும்? வேதியியல் படித்தவனிடம் வயதாகிவிட்டது என்றால் எப்படி நம்புவான்? அவன் சொல்லிவிட்டான். தக்கை மேலே தள்ளியிருந்தது, தகட்டுக்கடியில் பிசுபிசுப்பு கசிந்திருந்தது. கடும் சூட்டில் இருந்த பாட்டிலுக்குத்தான் அப்படி ஆகும். அவன் இல்லாத சித்திரையில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றக் குழியைத் திறந்திருக்கிறார்கள். சாமிக்குப் போகும் ராகிக்குள் சாராயம் கிடக்கக்கூடாது என்று அண்ணன் அதை எடுத்துச் வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் ஷீட்டுக் கூரைக்கடியில் இருந்த பரணில் போட்டுவிட்டார். தம்பி வரும் சேதி வந்ததும் பயந்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். யாரும் இதை அவனுக்குச் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தது. "சாக்கு சுத்தியிருந்த விதம் வேற. ஷீட்டு தூசி ஒட்டியிருந்துது. என் வேலையே அதுதானேடா" என்றான்.

"அந்தாள நாலு வார்த்தை கேட்காம விட்டியே!" என்று கத்தினேன்.

"என்னான்னு கேக்க? சாமிக்குப் பயந்து எடுத்தாரு, எனக்குப் பயந்து வெச்சாரு. ரெண்டு பயத்துக்கு நடுவுல தூங்கியிருக்க மாட்டாரு, பாவம்."

"உலகத்துல எத்தனை பாட்டில்டா அது மாதிரி மிச்சம் இருக்கு?"

"அண்ணன் எத்தனை பேருடா மிச்சம்?"

பேருந்து வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அதன்பிறகு அவனைப் பார்க்கப் போனபோதெல்லாம் பெரியசாமி கொடுத்த தண்ணீரைக்கூட நான் குடித்ததில்லை. குணா பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் குவாட்டர் பிராந்தி ஒன்றை வாங்கி வந்து இலையோரம் வைத்தான். குணா வாழ்நாளில் பிராந்தி தொட்டதில்லை. பெரியசாமி குனிந்து அதை எடுத்து, "இது அவன் குடிக்கறதில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

"சார், நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தம்பி சொல்லுவான். ஒண்ணு கேக்கறேன். அந்த பாட்டிலைப் பரண்ல போட்டது நான்தானுங்க. அது அவனுக்குத் தெரியுமா?"

அவருக்காக நான் பல மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த சொற்கள் நிறைய இருந்தன. உங்கள் தம்பிக்கு மிச்சமிருந்த ஒரே சுகத்தைக் கெடுத்தவர் நீங்கள் என்று தொடங்கும் அவை. வாய்வரை வந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். தாடி மழிக்காத, சோறு இறங்காத முகம்.

"தெரியும்ங்க. பாட்டிலைத் தொட்டதுமே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சுதான் பழசுன்னு சொன்னான்" என்றேன்.

அவர் மாட்டுத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஓய்ந்ததும், "எழுதுங்க சார். அவன் என்ன வேலை பாத்தான்னு இந்த ஊருக்கு எழுதுங்க. நான் பண்ணதையும் சேத்து எழுதுங்க. இல்லன்னா அவன் எப்படிப்பட்டவன்னு பாதிதான் தெரியும்" என்றார். அன்றைக்கு அவர் பக்கத்து இலையில்தான் நான் சாப்பிட்டேன்.

குணாவைத் தெரிந்த நண்பர்களே, அவனிடமிருந்த பொறுமை எனக்கு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. அந்த மேற்பார்வையாளரையும் என் நிர்வாகியையும் நான் மன்னிக்கப்போவதும் இல்லை. பெரியசாமி மட்டும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறார். "சாப்டீங்களா சார், அங்க மழைங்களா?" என்பார். அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இருப்பதில்லை. குணா எனக்கென்று விட்டுப்போனது அந்த அழைப்பு. மணி அடித்ததும் எடுத்துவிடுகிறேன்.