611ஆம் ஆணி

சான் லாசரோ அருங்காட்சியகத்தின் சாவி செனைடா அர்விசுவிடம் இருக்கிறது. தாமிரம் தீர்ந்துபோன இந்த அரிசோனா ஊரை வேடிக்கை பார்க்க வாரக்கடைசியில் வருகிறவர்கள், எழுபத்தொரு வயதில் தடியில்லாமல் படியேறும் அவளைப் பார்த்து வியக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வியப்பதில்லை. அவள் வாய்க்கு எதிரே நிற்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள்.

மெக்சிகோக்காரர் வீட்டு வரிசையில் பிறந்தவள். சுரங்கக் கம்பெனியின் நீச்சல்குளத்தில் அந்த வரிசைப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் அனுமதி. மறுநாள் தண்ணீரை மாற்றிவிடுவார்கள். ஆறு நாள் அழுக்குத் தண்ணீரில்தான் தம்பி ராமிரோவுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தாள். 1976இல் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் மூன்று பெண்களில் அவளும் ஒருத்தி. சாப்பாட்டு டப்பாவில் யாரோ செத்த எலியைப் போட்டார்கள். அவள் வாலைப் பிடித்துத் தூக்கி மேஸ்திரியின் காபியில் முக்கினாள். அதற்குப் பிறகு டப்பாவை யாரும் தொடவில்லை.

சுரங்க வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு எண். இறங்கும்போது தன் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஏறி வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். வேலை முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். தேடப் போவார்கள். செனைடாவின் எண் 611. இருட்டில் தடவியே தெரிந்துகொள்ள வில்லையின் விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டிருந்தாள்.

1983இல் வேலைநிறுத்தம். முதல் நாளே வில்லையைக் கம்பெனிக் கதவுக்கு மேலாக வீசியெறிந்தாள். ஆறாவது வாரம் ராமிரோ பட்டாளக் காவலோடு வேலைக்குப் போனான். அக்கா சாலையோரம் நின்று "கருங்காலி" என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. சுரங்கம் மூடியபோதும் பேசவில்லை. போன மாதம் அவன் செத்தபோதும் அவள் போகவில்லை.

அந்தப் பலகை இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லை வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து மாட்டலாம். கீழே பெயர் எழுதுவார்கள். கருங்காலிகளுக்கு இடமில்லை என்பது எழுதாத விதி. விதித்தவள் செனைடா. 611 காலியாகவே கிடந்தது.

சனிக்கிழமை காலை ராமிரோவின் மனைவி ஒஃபேலியா வந்தாள்.

"டிக்கெட் மூணு டாலர்," என்றாள் செனைடா.

"பாக்க வரல அண்ணி. மாட்ட வந்தேன்."

"அண்ணியா? முப்பத்தொம்போது வருஷமா என்னப் பாத்தா காறித் துப்பிட்டுப் போனவதானே நீ."

"நீங்க துப்புனதும் ஞாபகம் இருக்கு. என் செருப்பு மேலயே விழுந்துச்சு."

ஒஃபேலியா கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தாள். 611. செனைடா அதை எடுத்துக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாள். வெட்டு இருந்தது.

"இது என்னோடது."

"நீங்க எறிஞ்சது. வேற ஆளுக்குக் குடுக்க இருந்தாங்க. அவருதான் கேட்டு வாங்கினாரு. எவனோ ஒருத்தன் கையில போறதுக்கு என்கிட்ட இருக்கட்டும்னாரு. நீங்க ஏழு வருஷம் இதோட எறங்கினீங்க, அவரு பதினாறு வருஷம். அவரு பேர எழுதுங்க. ஏறி வந்துட்டாருன்னு இருக்கட்டும். வேற எதுவும் கேக்கல."

"என் வேலைய எடுத்துக்கிட்டான், நம்பரையும் எடுத்துக்கிட்டான். நான் கும்பிடணுமாக்கும்."

"ரெண்டு பிள்ளைங்க பட்டினி கெடந்துச்சு அப்ப."

"நூறு வீட்டுப் பிள்ளைங்க கெடந்துச்சு. அதுங்க அப்பனுங்க எல்லாம் வெளியிலதான் நின்னானுங்க."

செனைடா எழுந்து போய் வில்லையை ஆணியில் மாட்டினாள். அட்டையில் தன் பெயரை எழுதிக் கீழே ஒட்டினாள்.

"நான் ஏறி வந்துட்டேன்," என்றாள். "அவன் கீழயே கெடக்கட்டும்."

ஒஃபேலியா அழவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். மூன்று டாலரை எண்ணி மேசையில் போட்டாள். வாசலோரம் இருந்த வருகையாளர் புத்தகத்தைத் திறந்து, நின்றபடியே நிதானமாக எழுதிவிட்டுப் போனாள்.

ராமிரோ அர்விசு, 611.

அந்தப் புத்தகத்தில் பக்கம் கிழிக்கக் கூடாது என்று சுவரில் எழுதி வைத்தவளும் செனைடாதான். கார்க்காரக் கூட்டம் ஒன்று சிரித்துக்கொண்டே படியேறி வந்தது. அவள் பக்கத்தைப் புரட்டி வெற்றுத்தாளை மேலே விட்டு, பேனாவை அதன்மேல் வைத்தாள்.