மாமா நொட்டை சொன்ன வண்டி

எங்கள் மாமாவுக்கு எந்த வண்டியும் பிடிக்காது. புதிதாக ஒரு பைக் வெளிவந்துவிட்டால் போதும், அதன் ஜாதகத்தையே கையில் வைத்திருப்பார். எத்தனை சிசி, எத்தனை கிலோ, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், எந்த கியரில் இழுக்கும், சர்வீஸுக்கு விட்டால் எவ்வளவு தீட்டுவார்கள் என்று விற்கிறவனைவிடச் சுத்தமாகச் சொல்வார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் உதட்டைப் பிதுக்குவார். அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது.

மாமா அம்மாவின் தம்பி. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தார். அப்பாவுக்கு வேலை தூத்துக்குடியில். வருவதும் போவதுமாக இருப்பார். அதனால் ரேஷன் கார்டு வேலையிலிருந்து என் பள்ளிக்கூட ஆண்டு விழா வரைக்கும் எல்லாவற்றுக்கும் மாமாதான். எல்லாவற்றுக்கும் நடந்தே போவார். கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். தூரமென்றால் டவுன் பஸ், அவசரமென்றால் ஆரப்பாளையத்து நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

முன்பு அவரிடமும் ஒரு வண்டி இருந்தது. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார். குறுக்கே ஒரு நாய் ஓடிவந்தது. மாமாவுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அம்மாவுக்கு வலது தோள்பட்டை முறிந்தது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்தது, ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே ஏறவில்லை. அம்மா ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் டீச்சர். கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுவாள். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதிக்கொள்ளும். மாமா அந்த வாரமே வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் கையும் மாமாவின் நடையும் என் கணக்கில் இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள். மாமாவுக்குப் பிடித்த மாதிரி வண்டியை இன்னும் ஒருத்தனும் செய்யவில்லை, அவ்வளவுதான். எங்கள் மாமா அப்படிப்பட்ட கறாரான ஆள் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

நான் நாலாம் வகுப்பு வந்த வருஷம் அந்த வண்டி வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தல்லாகுளத்து டீக்கடையில் மாமாவும் ஆரப்பாளையத்து நண்பரும் சந்திப்பார்கள். ஒரு பன்னுக்காக நானும் ஒட்டிக்கொள்வேன். நண்பர் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கை நகத்தில் எப்போதும் ஆயில் கறை இருக்கும். அவர் போனை நீட்டி, "மாப்ள, இதப் பாரு. இதுக்கும் நொட்டை சொன்னேன்னு வையி, இனிமே ஒங்கூட வண்டிப் பேச்சே பேச மாட்டேன்" என்றார்.

முன்பக்கமும் பக்கவாட்டிலும் மூடி மறைக்கிற பிளாஸ்டிக் எதுவும் இல்லாத வண்டி அது. உருண்டை விளக்கு, முறுக்கிய தோள் மாதிரி டாங்க், அதற்குக் கீழே என்ஜினும் பைப்பும் அப்படியே வெளியில் தெரிந்தன. சட்டை போட மறந்து தெருவுக்கு வந்துவிட்டது போலிருந்தது எனக்கு. இரண்டு டீ ஆறும்வரை பேசினார்கள். கையை நீட்டிக் குனிந்து ஓட்ட வேண்டியதில்லை, நிமிர்ந்து உட்காரலாம், முதுகு வலிக்காது என்றார் நண்பர். சிம்மக்கல் நெரிசலில் என்ஜின் சூடு தொடையில் அடிக்கும் என்றார் மாமா. நம்மூர் வேகத்தடையில் அடி தட்டாது என்றார் அவர். காற்றுத் தடுப்பு இல்லை, நாலுவழிச் சாலையில் எண்பதைத் தாண்டினால் நெஞ்சில் காற்று குத்தும் என்றார் இவர்.

"நீ என்னைக்கு மாப்ள எம்பதுல போன?"

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பின் சீட்டப் பாத்தியா?" என்றார். எல்லா வண்டியிலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

"ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடா பின் சீட்டு? ஒனக்குப் பொண்ணு தேடுனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்ட. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு நண்பர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். மாமா எனக்கு இன்னொரு பன் வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஷோரூமுக்குப் போனது நண்பரின் பிடிவாதத்தால்தான். வழுக்கை விழுந்த ஒரு விற்பனைக்காரர் ஓட்டிப்பார்க்கிற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். டாங்கின் இரண்டு பக்கமும் 'டெஸ்ட் ரைடு' என்று பூசணிக்காய் அளவு எழுத்தில் சிவப்பாக ஒட்டியிருந்தது. மாமா சுற்றிச் சுற்றி வந்தார். செயினைத் தொட்டார், டயரை அழுத்தினார், குனிந்து பைப்பின் வளைவைப் பார்த்தார். பிறகு சாவியை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"சார், நீங்கதானே வாங்குறீங்க? நீங்க ஓட்டிப் பாக்கலையா?" என்றார் விற்பனைக்காரர்.

"நான் இப்படித்தான் பாப்பேன்."

உண்மையிலேயே அப்படித்தான் பார்த்தார். நண்பரை வேகத்தடையில் ஏறச் சொல்லி, பள்ளத்தில் இறங்கச் சொல்லி, திடீரென்று பிரேக் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று கணக்கெடுத்தார். ஒருதரம் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, சேலை கட்டிய பெண் மாதிரி உட்கார்ந்தும் பார்த்தார். ஷோரூம் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. இறங்கி வந்து, "சீட்டு உசரம், அகலம் பத்தாது, பிடிக்கக் கம்பி இல்ல. சடார்னு பிரேக் போட்டா ஆள் நிக்காது" என்றார். குரலில் ஏதோ நிம்மதி இருந்தது.

நண்பர் கொஞ்ச நேரம் போனும் கையுமாக ஓரமாய் நின்றார். பிறகு, "சரி மாப்ள, வேணாம்னா விடு. ஏறு, ஒன்னைய வீட்டுல இறக்கிவிட்டுட்டு வண்டியக் கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றார். விற்பனைக்காரர் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

எங்கள் தெருவில் திரும்பியதும் பார்த்தால், அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள். பட்டுச்சேலை வேறு. வண்டி நின்றதும் நிற்காததுமாகச் சந்தனத்தைக் குழைத்து விளக்கில் வைத்தாள், குங்குமம் வைத்தாள், ஹேண்டில்பாரில் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். பக்கத்து வீட்டு அத்தை, எதிர்வீட்டுக்காரர்கள் என்று கூட்டம் கூடிவிட்டது.

"அக்கா, இது நம்ம வண்டி இல்லக்கா. ஓட்டிப்பாக்க எடுத்த வண்டி" என்று மாமா இறங்கிக்கொண்டே கத்தினார்.

அம்மா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அம்மா, அதுல டெஸ்ட் ரைடுன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற அம்மா, "நீ சும்மா இருடி" என்று அந்த எழுத்தின் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு தாழ்வாகவே தட்டைச் சுற்றினாள். மாமா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இது ஷோரூம் வண்டிங்க" என்று விற்பனைக்காரர் முன்னால் வந்தார். அவருக்கும் நெற்றியில் குங்குமம் வைத்துக் கையில் ஒரு கிண்ணம் கேசரியைக் கொடுத்தாள் அம்மா. அவர் கேசரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "ஆரத்தி எடுத்துட்டு வேணாம்னு சொன்னா நல்லாவா சார் இருக்கும்?" என்று கட்சி மாறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் கேசரி கிண்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை, முந்திரி அதிகமாக இருந்தது.

அம்மா முன் டயருக்கும் பின் டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். "வீட்டு ஆம்பளதான் ஏத்தி எடுக்கணும். ஏறுடா."

"அக்கா..."

"ஊரு பாக்குது. ஏறு."

மாமா ஏறினார். வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரிந்த மாமாவுக்கு முதல் கியரில் வண்டி நின்றுபோயிற்று. எதிர்வீட்டுப் பையன்கள் சிரித்தார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. நண்பர் பிடிக்கப் போனபோது அம்மா கண்ணாலேயே தடுத்தாள். மூன்றாவது தடவை எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருமுனை வரைக்கும் சைக்கிள் வேகத்தில் போய், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்தார். அம்மா தட்டுத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் என்ன, தெருவே கேசரி சாப்பிட்டாகிவிட்டது. அதற்குமேல் வேண்டாமென்றால் கே.கே. நகரில் தலைகாட்ட முடியாது. மறுநாளே மாமா முன்பணம் கட்டினார். 'டீச்சருக்கு டெஸ்ட் ரைடுன்னு படிக்கத் தெரியல' என்று ஆரப்பாளையத்து நண்பர் வெகுகாலம் அம்மாவைக் கேலி செய்துகொண்டிருந்தார். அம்மாவும் கூடவே சிரிப்பாள்.

வண்டி வந்தது. மாமா விடியற்காலையில் தெரு காலியாக இருக்கும்போது ஓட்டினார். பிறகு ஆபீஸுக்கு எடுத்துப் போனார். தனியாகத்தான். பின் சீட்டில் தன் சாப்பாட்டுப் பையைக்கூட வைக்க மாட்டார், கழுத்தில் மாட்டிக்கொள்வார். நான் தினமும் கெஞ்சினேன். அழகர் கோயில் ரோட்டில் ஒரே ஒரு சுற்று என்றேன். "இந்தச் சீட்டு சரிப்படாது மருமகளே. பெறகு பாப்போம்" என்பார். உயரம், அகலம், கம்பி என்று மறுபடி அதே பாட்டு. சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். அதில் அவர் கொஞ்சம் ஆடிப்போனார்.

ஒரு சாயங்காலம், "சரி, வா. தெருமுனை வரைக்குந்தான்" என்றார். நான் பறந்துபோய் ஷூ மாட்டிக்கொண்டு வந்தேன். மாமா என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அவர் கை ஈரமாக இருந்தது. என் இரண்டு கையையும் இழுத்துத் தன் வயிற்றோடு கோத்துவிட்டார், இறுக்கமாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். சாவியைத் திருகியவர், வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அம்மா எப்போது வெளியே வந்தாள் என்று தெரியாது. செருப்பு மாட்டியிருந்தாள்.

"எறங்குடி" என்றாள் என்னிடம்.

"நான்தான் மொதல்ல!"

"எறங்குன்னு சொன்னேன்ல."

இறக்கியே விட்டாள். சேலைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து அந்த உயரமான சீட்டில் ஒரே பக்கமாகக் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ வேணாங்க்கா" என்றார் மாமா. திரும்பாமலே சொன்னார்.

"ஏன், நான் அம்புட்டுக் கனமாவா ஆயிட்டேன்?"

"அதில்லக்கா. இதுல பிடிக்கக் கம்பி இல்ல."

"நீ இருக்கேல்ல. எடுறா."

மாமா வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வண்டி மெல்ல நகர்ந்து தெருமுனைக்குப் போயிற்று. அங்கே நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. திரும்பி மெயின் ரோட்டில் போய்விட்டது.

நான் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எத்தனை நாள் கெஞ்சிக் கிடைத்த இடம்! ஷூவைக் கழற்றி வீசினேன். பக்கத்து வீட்டு அத்தை முறுக்கு கொண்டுவந்து கொடுத்தும் ஓயவில்லை. பெரியவர்கள் எல்லோருமே இப்படித்தான், ஆசைகாட்டி மோசம் செய்கிறவர்கள் என்று அவரிடமே சொன்னேன்.

அவர்கள் திரும்பி வரும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அம்மா தலையெல்லாம் கலைந்து, காற்றில் முந்தானை ஒருபக்கமாக ஒதுங்கி, சின்னப் பெண் மாதிரி இறங்கினாள். மாமா ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணும் மூக்கும் சிவந்து, முகமே வீங்கியிருந்தது. அம்மா வழியெல்லாம் அவரைப் பிடித்துத் திட்டியிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டுப் போனவருக்கு நன்றாக வேண்டும் என்று தோன்றிய பிறகுதான் எனக்கு அழுகை நின்றது.