கடலை ஊற வைத்த பூட்ஸ்

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் சாமு ஓர் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். வருகிற திங்கட்கிழமை அவனுக்குக் கல்யாணம். வேலூர் பஜாருக்குப் போய் மாப்பிள்ளை பூட்ஸ் வாங்கி வந்திருக்கிறான்.

பெட்டியைத் திறந்தான். கறுப்பு பூட்ஸ், குனிந்தால் முகம் தெரிகிற பளபளப்பு. போட்டுக் காட்டச் சொன்னேன். உட்கார்ந்தான், காலை நுழைத்தான்... பாதி தூரம் போன கால் அங்கேயே நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்துப் பார்த்தான். ஊஹூம்.

கடையில் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். எந்தத் தாயும் கேட்கிற கேள்விதானே? அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மொதல்ல தோலைப் பாரும்மா," என்றான்.

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள், அங்கே கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரிந்திருக்கும். ஆம்பூரில், தோல் பதனிடுகிற ஷாப்பில், பதமாகி வந்த தோலைத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டிலும் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார், கேலியாக. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சாமு எங்களுக்கு ஒரே பிள்ளை.

அந்த ஒரே பிள்ளை, இரண்டு வயது முடிந்தும் நடக்கவில்லை.

தவழவும் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்வான். தரையைத் தேய்த்துத் தேய்த்து வீடு முழுக்கச் சுற்றி வருவான். கால்சட்டை எல்லாம் பின்பக்கம் நைந்து போயிருக்கும். பிடித்து நிற்க வைத்தால் தன் பாதத்தைப் பார்ப்பான், எங்களைப் பார்ப்பான், தொப்பென்று உட்கார்ந்துவிடுவான்.

பாதமா அது? அச்சு அசல் அவன் அப்பாவின் பாதம். நீளத்தோடு போட்டி போடுகிற அகலம். விரல்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி தனித்தனியாக விரிந்து நிற்கும். பிறந்த புதிதில் எல்லோரும் அதைக் கொஞ்சினார்கள். இரண்டு வயது ஆனதும் கொஞ்சல் நின்று யோசனைகள் வர ஆரம்பித்தன. இவ்வளவு அகலமான கால் உடம்பைத் தாங்காது என்று பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஒருநாள் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பேன். நம் பிள்ளை இப்படி ஓடுவானா? இந்த ஒரு கேள்வியோடுதான் அந்த வருஷம் முழுவதும் எழுந்தேன், படுத்தேன்.

கடைசியில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா அவன் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். எலும்பில் கோளாறு எதுவும் இல்லை, சில பிள்ளைகள் தாமதமாக நடப்பார்கள் என்றார். கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி நல்ல பூட்ஸ் ஒன்று போட்டு நிற்க வைத்துப் பழக்குங்கள் என்றும் சொன்னார். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நேராக பஜாருக்குப் போனோம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஜில்லாவில் காற்று அடித்தால் தோல் வாசனை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல் ரயிலேறி மதராஸ் போகும், அங்கே கப்பலேறி சீமைக்குப் போகும். அங்கே பூட்ஸாகி, பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, திரும்பவும் எங்கள் பஜாருக்கே வரும். தோல் நம்முடையது. ஆனால் கால் அளவு? அது சீமைப் பிள்ளைகளுடையது. ஒடுக்கமான, நாசூக்கான கால்கள் போலிருக்கிறது அவர்களுக்கு.

சீமைச் சாமான் விற்கிற கடை ஒன்றில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. கடைக்கார பாய் எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கையில் வாங்கினார்.

அவ்வளவுதான். மனிதரின் மனசு ஷாப்புக்குப் போய்விட்டது.

கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த சுருக்கம் எழுந்து வருகிறதா என்று பார்த்தார். நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே மூக்கை விட்டு மோந்தார். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாயும் கடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் குடும்பமும் ஒரு காலத்தில் தோல் வியாபாரம் செய்ததாம். இது ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. வாணியம்பாடியா, ஆம்பூரா என்பதில்தான் தகராறு. கன்றுத் தோல், ஒரு ஊசிக்குத்து இல்லை, ஒரு தழும்பு இல்லை என்று இவர் சொல்ல, பாய் தலையாட்ட... எனக்கும் நீட்டினார்கள். நானும் மோந்து பார்த்தேன்.

இவ்வளவு நேரமும் சாமு என் இடுப்பில் இருந்தான். இரண்டு அகலக் கால்களும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டியைக் கட்டி வாங்கிக்கொண்டு, ஜட்கா பிடித்து, காட்பாடியில் ரயிலேறி, ஆம்பூர் வந்து சேர்ந்து, வீட்டில் பிள்ளையை உட்கார வைத்துக் காலை நுழைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. விரல்கள்கூடப் போகவில்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அளவு எடுத்துத் தைக்கக் கொடுக்கலாம் என்றேன். அவர் பூட்ஸை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"திருப்பிக் குடுக்க மனசு வரல டீச்சரம்மா. தோலு அப்டி," என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள் – ஒரு வேலையில் ஊறிப்போனவர்கள் எல்லோருமே இப்படித்தான் இல்லையா? கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் நான் எழுத்துப்பிழையைத்தான் தேடுவேன். தையல்காரர் கல்யாணத்துக்குப் போனால் பெண்ணையா பார்க்கிறார், ரவிக்கையைத்தானே?

சரி, பூட்ஸுக்கு வருகிறேன். அதற்கும் ஷாப்பு ஆட்களிடம் ஒரு வழி இருந்தது. பூட்ஸ் நிறையக் காய்ந்த கொண்டைக்கடலையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி வைத்தார். கடலை ஊறி உப்பும், அது உப்ப உப்பத் தோல் அகன்று கொடுக்கும் என்பது கணக்கு. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கல் பாவிய முற்றத்தைக் கழுவி விட்டேன். சாமுவை அறை வாசற்படியில் உட்கார வைத்திருந்தேன். அவர் எதிர்ப்பக்கம், கிணற்றடியில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தார். கொழுத்த கடலைகள் பூட்ஸின் வாய்க்கு மேல் எட்டிப் பார்த்தன.

சாமுவுக்குக் கடலை என்றால் உயிர். உடனே படியிலிருந்து இறங்கி, வழக்கம்போல உட்கார்ந்தபடியே நகரப் பார்த்தான். ஈரம் சில்லென்று பட்டது. முகத்தைச் சுளித்தான். திரும்பி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். கடலையைப் பார்த்தான். பிடியை விட்டான்.

நடந்தான்.

அந்த அகலப் பாதங்களை ஈரக் கல்லில் பளார் பளார் என்று வைத்து, கைகளை விரித்துக்கொண்டு, முற்றம் முழுவதையும் நடந்து கடந்தான். என் கையில் துடைப்பம். கூப்பிட்டால் விழுந்துவிடுவானோ என்று பயம்.

அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, கட்டைவிரலால் தோலை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் கை வந்து பூட்ஸுக்குள் நுழைந்ததும்தான் நிமிர்ந்தார்.

"யாரு இவனைத் தூக்கினு வந்து வுட்டது?"

"யாரும் தூக்கல. நடந்து வந்தான்."

பூட்ஸ் கையிலிருந்து நழுவிக் கடலை எல்லாம் சிதறியது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"நான் பாக்கலயே," என்றார்.

அப்புறம் அந்தப் பெரிய மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சிதறிய கடலையைப் பொறுக்கித் திரும்பவும் பூட்ஸில் போட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படியில் உட்கார வைத்தார். கிணற்றடிக்கு வந்து பூட்ஸைக் கையில் பிடித்தபடி குந்தினார். இந்தத் தடவை கண்கள் தோலில் இல்லை. சாமு அவரைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தான். அன்றைக்கு அவர் வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்.

பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காய்ந்ததும் கால் நுழைந்தது, நிஜமாகவே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனோம். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் இரண்டு பக்கமும் தையல் பிரிந்து விரல்கள் வெளியே வந்துவிட்டன. குற்றம் நூலின் மேல்தான், தோலின் மேல் இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சாமுவும் இப்போது தோல் தரம் பிரிக்கிற வேலையில்தான் இருக்கிறான், ராணிப்பேட்டையில். சனிக்கிழமை அவன் அந்தக் கறுப்பு பூட்ஸை மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது, அது அவனுடைய விரலாகவே எனக்குத் தெரியவில்லை. வேறு ஜோடி மாற்றி வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"மனசு வரலம்மா," என்றான்.

திங்கட்கிழமை அவன் கோயிலுக்குள் நடந்து போவதையும் அவர் பார்க்கப் போவதில்லை. பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது சமையலறையில் கடலை ஊறிக்கொண்டிருக்கிறது – தையலை மட்டும் நேற்றே இரட்டையாகப் போட்டு வாங்கிவிட்டேன்.