துரத்த வேண்டாம் என்றொரு மனு

திங்கட்கிழமைகளில் என் தையல்கடை பூட்டியிருக்கும் என்பது கூடலூரில் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற எல்லோருக்கும் இப்போது தெரியும். முதலில் கோபப்பட்டார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினால் யாருக்குத்தான் கோபம் வராது. பிறகு பழகிக்கொண்டார்கள். பூட்டைப் பார்த்ததும், மனுக் கொடுக்கப் போயிருப்பாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே அலுப்பாக இருக்கும். கம்பம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன்.

என் அக்கா மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போனவள். விடிகாலையில் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகக் கேரளாவுக்குள் போய், இருட்டும் நேரத்தில் இறங்கி வருவாள். அந்த ஜீப்பைப் போலீஸ் வண்டி ஒன்று துரத்தியது. ஜீப் மலையடிவாரத்து வளைவில் புளியமரத்தில் மோதியது. அக்கா அங்கேயே இறந்துபோனாள். இனி இப்படித் துரத்தாதீர்கள், நம்பரைக் குறித்துக்கொண்டு மேலே எல்லையில் இருக்கிற செக்போஸ்ட் கேட்டுக்குச் சொல்லுங்கள் என்பதுதான் என் மனு. ஒரு பக்கம்கூட வராது. அதைப் படிக்க வைக்கத்தான் இத்தனை திங்கட்கிழமைகள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தோட்ட ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்று சட்டம் சொல்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு பெண்கள் போவார்கள். மடிமேல் மடி. தூக்குவாளியை வைக்க இடமிருக்காது, கையில்தான் பிடித்திருக்க வேண்டும். போலீஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே டிரைவர் வண்டியை ஓரங்கட்டுவார். பாதிப் பெண்கள் இறங்கி, தோட்டந்துரவுக்குப் போகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, போலீஸைக் கடந்து நடப்பார்கள். ஜீப் சாதுவாக அவர்களைத் தாண்டிப்போய், அடுத்த திருப்பத்தில் காத்திருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். போலீஸுக்கும் இது தெரியும். "என்னத்தா, வாக்கிங்கா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஏட்டையாக்கள் உண்டு. இப்படி எல்லோரும் சேர்ந்து நடித்துக்கொண்டு ஒரு ஊரே பிழைத்துவந்தது.

அன்றைக்கு நல்ல மழை. ஜீப் வேறு நேரங்கழித்துத்தான் கிளம்பியிருக்கிறது. நனைந்துகொண்டு இறங்கி நடக்க ஒருத்திக்கும் மனசில்லை. மழையில் எந்தப் போலீஸ் நிற்கப்போகிறது என்று நினைத்து டிரைவரும் அத்தனை பேரோடு நேராகப் போயிருக்கிறார். போலீஸ் நின்றுகொண்டிருந்தது. கையைக் காட்டியிருக்கிறார்கள். டிரைவர் பிரேக்கில் காலை வைத்திருக்கிறார். முன்சீட்டில் நெருக்கிக்கொண்டிருந்த என் அக்கா, "நிக்காதப்பா, போ" என்று சொல்லியிருக்கிறாள்.

இதை எனக்குச் சொன்னவள் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருந்த பெண். ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று பலமுறை சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். ஜீப்பைப் பிடித்துப் போட்டுவிட்டால் அன்றைய வேலை போயிற்று. நேரங்கழித்துப் போனால் தோட்டத்தில் பேர் போடமாட்டார்கள், கூலியும் கிடையாது. அக்கா எதற்காகச் சொன்னாள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள்மேல் எனக்கு வந்த கோபம் லேசில் அடங்கவில்லை. செத்தவளிடம் சண்டை போட வழியில்லாததால் வீட்டில் பாத்திரங்களோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் மனுவுக்கு வந்த பதில் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி மிகவும் பொறுமையாகச் சொன்னார். துரத்தல் என்று எதுவும் நடக்கவில்லையாம். போலீஸ் வண்டி வழக்கமான ரோந்து போயிருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு ஜீப்பும் போயிருக்கிறது, அவ்வளவுதானாம். அப்படியானால் நடக்கவே நடக்காத ஒன்றை இனிமேல் செய்யாமலிருக்கும்படி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒப்புக்கொள்வதில் இவர்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊரிலும் எனக்கு நல்ல பேரில்லை. துரத்தியது தப்பு என்று எழுதிய அதே மனுவில், இரண்டு மடங்கு ஆளை அடைப்பதும் தப்பு என்று எழுதியிருந்தேன். அதோடு ஜீப்காரர்கள் என் கடைப்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். உன் மனுவால் போலீஸ் கெடுபிடி கூடினால் நாங்கள் எப்படி வேலைக்குப் போவது என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். குனிந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் நான் விடாமல் போனதற்குக் காரணம் அக்கா மகள். அம்மாவின் கருமாதி முடிந்த கையோடு அம்மா வேலை பார்த்த அதே தோட்டத்துக்கு அவள் போக ஆரம்பித்தாள். என்னோடு கடையில் உட்கார் என்று கெஞ்சினேன். நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் கழுத்து வலிக்கிறது என்றாள். மலையில் காய் பறிக்கும்போது வலிக்காத கழுத்து. உண்மை என்னவென்றால் என் கடை ஒருத்திக்கே சோறு போடத் திணறுகிறது, அது அவளுக்குத் தெரியும். அவள் போகிற ஜீப்பிலும் அதே நெருக்கடிதான். மழைக்காலம் வந்தால் காலையில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்த பிறகுதான் மெஷினில் உட்காருவேன்.

பிறகு ஒரு போலீஸ் அதிகாரி மாற்றலாகி வந்தார். மனுவைப் படித்துவிட்டு ஜீப் டிரைவர்களையும் என்னையும் ஒருநாள் கூப்பிட்டார். டிரைவர்கள் சுவரோரமாக நின்றார்கள். என்னை உட்காரச் சொன்னார். கொஞ்சநேரம் பொதுவாகப் பேசிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏம்மா, நிக்காம போகச் சொன்னதே உங்க அக்காதானாம்ல?" என்றார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். டிரைவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் தூக்கம் வராத நாட்களில் இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் வாய்க்கு வந்தது வேறு.

"ஆமாங்கய்யா, எங்கக்காதான் சொல்லுச்சு. கூலிக்குப் போறவ, கூலி போயிருமேன்னு பயந்து சொல்லுச்சு. ஒங்களுக்கு என்னங்கய்யா பயம்? எங்கூருல இருந்து மலைக்குப் போக ஒத்த ரோடு. மேல கேட்டு இருக்கு. அங்கன இருக்கவுகளுக்கு ஒரு போன் போட்டிருந்தா ஜீப்பு நின்னிருக்கும். எங்கக்காவும் கால ஊண்டி எறங்கியிருக்கும்."

என் குரல் கத்தலாகத்தான் இருந்திருக்கும். வெளியே வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் டீ வரவழைத்தார். குடித்து முடித்த பிறகு, தோட்ட ஜீப் நிற்காமல் போனால் பின்னால் போகவேண்டாம், கேட்டுக்குச் சொன்னால் போதும் என்று தன் ஆட்களிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத்தெல்லாம் மேலிடத்திலிருந்துதான் வரவேண்டும் என்றார். வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அது ரொம்ப நாள் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அவருக்கே மாற்றல் வந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது. ஆகவே அடுத்த திங்கட்கிழமையும் போனேன்.

போன காய் எடுப்பு சமயத்தில் ஒரு காலை, அக்கா மகளிடமிருந்து வழக்கத்துக்கு முன்னாலேயே போன் வந்தது. எடுத்தால், அவள் எடுத்த எடுப்பிலேயே திட்ட ஆரம்பித்தாள். கீழே போலீஸ் கைகாட்டியும் ஜீப் நிற்காமல் போயிருக்கிறது. மேலே கேட்டில் மடக்கி, எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைப் பிடித்து வைத்துவிட்டார்கள். வேலை போயிற்று. பஸ்ஸுக்காகக் கூட்டமாக நிற்கிறார்களாம்.

"பின்னாடி யாரும் வெரட்டிட்டு வரலையா?" என்று கேட்டேன்.

"வரல. அந்தப் போலீசு அவுக பாட்டுக்குப் போன்ல பேசிக்கிட்டு நின்னாக. எல்லாம் ஒன்னாலதான் சித்தி. ஒரு நா பொழப்பு போச்சு. இங்கன எல்லாரும் ஒன்னயத்தான் வையுறாக."

அவள் விடவில்லை. மனு எழுதிய என் கையை, கடையை, என் பிடிவாதத்தை, எல்லாவற்றையும் வரிசையாக இழுத்தாள். அக்காவின் அதே வாய். அக்காவையும் அன்றைக்கு இப்படி ஒரு நாள் கூலியைப் பறிகொடுத்துவிட்டு, ஊரையே வைதுகொண்டு, பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்ப விட்டிருக்கலாம். அழுகை வந்தது. அது அவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு, அவள் திட்டி முடிக்கிறவரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.