விரித்துக் காட்டிய கடிதம்

பண்டாரவளையில் கடிதம் எழுதிக் கொடுக்க நான் பாய் விரித்தபோதே என் மனைவி கெடு வைத்துவிட்டாள். "தீபாவளி வரைக்கும் பாருங்க. சரிப்படலேன்னா வந்து பெரட்டுக்கு நில்லுங்க" என்றாள். விடியற்காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டில் பன்னிரண்டு வருஷம் நின்றவன் நான். இனிமேல் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொடமாட்டேன் என்று, நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லார் முன்னாலும் வீராப்புப் பேசிவிட்டு வந்திருந்தேன். வீராப்புக்கு என்ன குறைச்சல்!

ஊரார் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் புடவைக் கடைக்காரர் தன் கடை வாசலில் எனக்கு இடம் கொடுத்தார். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்கூட நாலு பேர் வந்தால் பெரிது. வருகிறவர்களும் பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டு, என் காதருகே குசுகுசுவென்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடலுக்கு அக்கரையில் இந்தியாவுக்குப் போன கணவன் திரும்பவில்லை. அவள் அழுதுகொண்டே சொன்னதை நான் எழுதினேன். நடுவில் ஒரு வரி தானாக அமைந்துவிட்டது. எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்துக்கொண்டேன். மூன்று மாதத்தில், கணவன் வந்துவிட்டான் என்று ஒரு வண்டிக்காரரிடம் சொல்லியனுப்பினாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஸ்லந்தயிலும் கடிதம் எழுதுகிறவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டு, மலையேறி இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்திருக்கிறாள் என்றால், என் பேர் அங்கேவரை போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? நானாவிடம் சொன்னேன்.

"பொறகென்ன தம்பி, வாய மூடிக்கிட்டு ஈக்கிறீங்க? பொடவ மடிஞ்சு கெடந்தா யாரு வாங்குற? விரிச்சிக் காட்டணும்" என்றார் அவர்.

விரித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறு சந்தை நடுவில் நின்று, போன புருஷனைத் திருப்பிக் கொண்டுவந்த கடிதம் என் கடிதம் என்று கூவி, அந்த வரியை ராகம் போட்டுச் சொன்னேன். பேரைச் சொல்லவில்லை. அந்த அளவு நாகரிகம் எனக்கு உண்டு.

கூட்டம் கூடியது. வண்டிக்காரர்கள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். ஆனால் பாயில் ஒருத்தரும் உட்காரவில்லை. வாராவாரம் கூட்டம் பெருகியது, எழுத வருகிறவர்கள் குறைந்தார்கள். வழக்கமாக வரும் கிழவர்கூட என்னைக் கண்டதும் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. நானாவும் தாடியைச் சொறிந்தார். "எனக்கும் வெளங்கல்ல தம்பி. சத்தம் காணாது போல" என்றார். நான் இன்னும் உரக்கக் கூவினேன்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அந்தப் பெண் வந்தாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பாயைத் தட்டிப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நான் ஏன் இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்னு தெரியுமாண்ணே?"

"என் எழுத்தைக் கேள்விப்பட்டு..."

"இங்க என்னைய யாருக்கும் தெரியாதுன்னு வந்தேன்."

"ஒன் பேரை நான் எங்கயும் சொல்லலையே தங்கச்சி."

"பேரு எதுக்குங்க? அந்த மாசம் அக்கரையில இருந்து திரும்பி வந்தவரு எங்க தோட்டத்துல ஒருத்தருதான். வண்டிக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. இப்ப கொழுந்து நிறுக்கிற எடத்துல பொம்பளைங்க அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறாங்க. அவரு என்கிட்டப் பேசி எட்டு நாளாச்சு."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எழுத்து நல்லாத்தாண்ணே இருந்துச்சு. அதனாலதான் எல்லாருக்கும் பாடமாயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவமானமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது. நானா கெட்ட மனுஷர் அல்ல. அப்படி விரித்துக் காட்டித்தான் அவர் கடை நிறைந்து வழிந்தது. புடவைக்குச் சரியானது கடிதத்துக்கு ஏன் ஆகாமல் போனது என்பதைக் காதருகே குசுகுசுத்தவர்கள் எல்லாரும் எனக்குத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து பெரட்டில் நின்றேன். கங்காணி ஒன்றும் கேட்காமல் கத்தியைக் கொடுத்தார். மலையில் என் பக்கத்து நிரையில் கவ்வாத்து வெட்டியவன் புது ஆள், வேறு தோட்டத்திலிருந்து வந்தவன். வெட்டிக்கொண்டே அந்த வரியை ராகத்தோடு சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை.

"எவனோ கெட்டிக்காரன் எழுதியிருக்கான். யாருன்னு தெரியுமாண்ணே?"

"தெரியாதுப்பா" என்றேன்.