ஆறு வயதுக் கழுத்தில் ஒரு மாலை

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், ராயபுரத்தில் நடந்தது இது. என் மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்திருந்தார்கள். அவளை மருத்துவமனையில் சேர்த்த அன்றே, அவளுடைய ஆறு வயதுப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஓவியரிடம் போனேன். அவளுடைய சிறு வயதுப் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். அதைப் பெரிதாக வண்ணத்தில் வரைந்து, அவள் வீடு திரும்பும்போது காட்ட வேண்டும் என்று ஆசை.

“யாரு நைனா இது?” என்றார் ஓவியர்.

“என் சம்சாரம்.”

“அம்மா இல்லியா?” குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கூட வரவில்லையா என்று கேட்கிறார் என நினைத்தேன். பார்வையாளர் நேரம் முடிய இருபத்திரண்டு நிமிடம்தான் இருந்தது. “இல்ல” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐந்தாம் நாள் படத்தை வாங்கப் போனேன். மறுநாள் சிகிச்சை. ஓவியர் துணியை விலக்கினார். இரட்டைச் சடை, பாவாடை, நாற்காலியைப் பிடித்த கை, எல்லாம் அப்படியே அவள்தான். ஆனால் கழுத்தில் சாமந்தி மாலை. காலடியில் எரியும் விளக்கு.

“உசுரோட இருக்கிறவளுக்கு மாலை போட்டிருக்கியே!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ நைனா, நீதானே இல்லேன்னு சொன்ன? உயிரோட கீறவங்கள யாரு வரையச் சொல்றாங்க? இரு, மாலைய காலைலதான் போட்டேன், இன்னும் காயல.”

டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒவ்வொரு பூவாகத் துடைத்தார். நாற்பத்தொரு பூ. எண்ணிக்கொண்டே நின்றேன். பூ அழிய அழியக் கழுத்து தெரிந்தது. விளக்கு காய்ந்துபோயிருந்ததால் அதன்மேல் ஒரு வெள்ளைப் பூனையை வரைந்து மறைத்தார்.

“இந்தச் சிரிப்ப வரையறப்ப எனக்கே அழுகாச்சி வந்துச்சு நைனா. உன்ன நெனச்சு ரெண்டு நாளா சோறே எறங்கல” என்றார், என்னைப் பார்க்காமலே.

சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பதின்மூன்றாம் நாள் மனைவி வீடு வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். “எங்க வூட்டுல பூனையே கெடையாதே, இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்றாள். நான் பேச்சை மாற்றினேன். இப்போதும் அவள் அவ்வப்போது அதையே கேட்கிறாள். முன்பின் தெரியாத எனக்காகச் சோறு இறங்காமல் இருந்த மனிதரைத் தெருவறியத் திட்டினேனே என்ற வெட்கம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வருகிறது.